எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும்: காசிமேட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

சர்வரோக நிவாரணி, கைகண்ட மருந்து, அருமருந்து, காயகல்பம், சஞ்சீவி. இந்தப் பெரிய சொற்கள் டப்பாவின் மேல் இருக்கும், மின்சார ரயில் பெட்டியில் ஒட்டிய சீட்டில் இருக்கும், வேனில் மைக் கட்டி விற்பவர் வாயில் இருக்கும். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார், கால் விரல் ஒன்றை இழந்தார். அவர் மனதை மாற்றியதில் இந்தப் பெரிய சொற்களுக்குப் பங்கு மிகக் குறைவு. நார்மல், கேட்டுச்சு, பத்தியம், மண்டலம், சூடு என்று நாம் எல்லோரும் நாள் முழுக்கப் புழங்கும் சின்னச் சொற்களே அந்த வேலையைச் செய்தன. அவை எந்த வரிசையில் வந்தன, ஒவ்வொன்றும் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராயபுரம், காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களோடு வேலை செய்பவன் நான். இந்த அம்மா, அவருடைய நாத்தனார் இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடிவதற்கு முன்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தெருவோரத்தில் உட்கார்ந்து விற்பார். கால் எப்போதும் ஐஸ் தண்ணீரிலும் சேற்றிலும்தான். எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என இரண்டு மாத்திரைகள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. ஒரு பைசா செலவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த மாதிரி விஷயங்களைப் பேசும்போது, ‘பாவம், ஏழைகள், டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் போலி மருந்துக்குப் போகிறார்கள்’ என்று முடித்துவிடுவார்கள். இந்த அம்மா இலவசமாக வீடு தேடி வந்த மாத்திரையை விட்டுவிட்டு, ஒரு நாள் வியாபாரத்தில் மிஞ்சுவதைவிட அதிகமாகக் கொடுத்துப் பொடி வாங்கியவர். கணக்குப் பார்க்கத் தெரியாதவரும் இல்லை. ஏலத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

‘நார்மல்’

கதை பொடியில் தொடங்கவில்லை, ஒரு ரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. அந்த வருடம் மார்ச்சில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தார். 108. சீட்டைக் கொடுத்த பையன், “நார்மல்தாம்மா, ஒண்ணும் பயமில்ல” என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த 108 இரண்டு மாத்திரை சேர்ந்து இறக்கி வைத்திருந்த 108. ‘மாத்திரை போடுறதால நார்மல்’ என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

காய்ச்சல் வந்தவருக்கு உடம்பு நார்மலுக்கு வந்தால் காய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எட்டு வருடமாக டாக்டர்கள் சொல்லி வந்த சொல் வேறு: ‘கன்ட்ரோல்ல இருக்கு.’ அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கன்ட்ரோல்ல கீதுன்னா இன்னும் உள்ளதான கீது? எப்போதான் போவும்னு கேட்டா யாரும் சொல்றதில்ல.”

அந்தக் கேள்விக்கு மருத்துவத்திடம் இருக்கும் நேர்மையான பதில், பெரும்பாலும் போகாது என்பதுதான். அதைத் தெளிவாக, உட்கார வைத்துச் சொல்ல வரிசையில் நிற்கும் கூட்டம் விடாது. ‘டெய்லி போடுங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எப்போது போகும் என்ற கேள்வி எட்டு வருடமாகப் பதில் இல்லாமல் கிடந்தது. பொடி விற்றவரிடம் அதற்குப் பதில் இருந்தது: ரெண்டு மண்டலம்.

‘கேட்டுச்சு’

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சந்தை மந்தமாகிவிடும், விசேஷங்களுக்குப் போய்வர நேரம் கிடைக்கும். அப்படி ஒரு காதுகுத்தில், திருவொற்றியூரில் இருக்கும் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனாருக்கும் சர்க்கரை. முகம் தெளிந்து, உடம்பு இளைத்து நன்றாக இருந்தார். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு வந்த பதில்: “ஒரு பொடி துண்றேன் அண்ணி. எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. சொன்னது சொந்த நாத்தனார், காசு வாங்கிக்கொண்டு சொல்லவில்லை, கண் எதிரே இளைத்துப்போய் நிற்கிறார். அதோடு, நம் பேச்சில் மருந்தைப் பற்றிய சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு இடைவெளி உண்டு. மருந்து ஒருவருக்குக் ‘கேட்கும்’, இன்னொருவருக்குக் ‘கேட்காது’. ஒரு வைத்தியரின் ‘கை ராசி’ நமக்கு அமையலாம், அமையாமலும் போகலாம். உடம்புக்கு ‘ஒத்துக்கொள்ளலாம்’, ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். இப்படிப் பேசுகிற ஊரில் ஒரு மருந்து பொய் என்று நிரூபணமாவதே கடினம். பத்துப் பேருக்குப் பலிக்காவிட்டால், பத்துப் பேருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பலித்ததாகச் சொன்ன ஒருவர் பேச்சு தெருத்தெருவாகப் போகும்.

பொடியை விற்றவர் பேருந்து நிறுத்தம் அருகே வேனை நிறுத்தி விற்பவர். டப்பாவை நான் பார்த்தேன். ‘சித்தர்கள் அருளியது’, ‘100% மூலிகை’, ‘பக்க விளைவு அற்றது’, ‘நிரந்தரத் தீர்வு’ எல்லாம் இருந்தன. தயாரிப்பு உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. சட்டப்படி விற்கும் சித்த மருந்தில் இவை கட்டாயம் இருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். டப்பாவில் இருந்த ஒரு சொல்லையும் அவர் படிக்கவில்லை. வேன்காரர் சொன்ன ஒரு பழமொழி மட்டும் நினைவில் நின்றுவிட்டது: ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ. சின்ன வயதில் பாட்டி வாயால் கேட்டது. பாட்டி சொன்னதையே இவரும் சொல்கிறார் என்றால் இவர் நம்மாள் என்று ஆகிவிடுகிறது.

ஆவாரையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நீரிழிவுக்குச் சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. அரசு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் படித்த சித்த மருத்துவர் அதைக் கொடுத்தால் சர்க்கரை அளவையும் பார்ப்பார், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றும் கேட்பார். வேன்காரர் செய்தது வேறு. மூலிகை என்று விற்கும் சர்க்கரைப் பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மாத்திரையையே தூளாக்கிக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இந்தப் பொடி ஆய்வுக்குப் போகவில்லை, அதனால் இதில் என்ன இருந்தது என்று நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கீழாநெல்லி கற்றுக்கொடுத்த பாடம்

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மஞ்சள் காமாலையில் போய் நிற்கிறது. வடசென்னையில் குடிதண்ணீரில் கழிவுநீர் கலந்து காமாலை வருவது பழைய துன்பம். “காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது, நாட்டு மருந்துதான்” என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த வசனம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள், எண்ணெயை நிறுத்துவார்கள். சில வாரத்தில் கண்ணில் மஞ்சள் இறங்கிவிடும். எல்லோரும் தங்கள் வீட்டிலேயே பார்த்த உண்மை இது.

ஆனால் தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலானவர்களுக்கு மருந்தே இல்லாமல் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிரையே வாங்கக்கூடியது, அது வேறு விஷயம். பேர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. சும்மா நாட்டு வைத்தியம் என்று விஞ்ஞானம் அதை ஒதுக்கிவிடவும் இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. மருந்தை மதிப்பதும் சோதிப்பதும் ஒன்றாகவே நடக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் உதாரணம் இது.

தானாகச் சரியாகும் நோயில் கிடைத்த நம்பிக்கை, தானாகச் சரியாகாத நோய்க்கும் அப்படியே நீள்கிறது. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். காமாலைக்குக் கேட்டது சுகருக்கும் கேட்கும் என்று ஒருவர் நினைப்பது முட்டாள்தனம் இல்லை. தன் அனுபவத்தை வைத்து யோசிப்பவர் அப்படித்தான் யோசிப்பார்.

பத்தியம், மண்டலம்

வேன்காரர் பொடியோடு பத்தியமும் கொடுத்தார். ராத்திரி சோறு கூடாது. சர்க்கரை போட்ட டீ கூடாது. உருளைக்கிழங்கு, கருவாடு, கத்திரிக்காய், இனிப்பு எதுவும் கூடாது. விடியற்காலையில் நடக்க வேண்டும். இதில் பாதியைச் சுகாதார நிலையத்தில் பல வருடமாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் டயட். டயட்டை அந்த அம்மா ஒரு வாரம்கூடக் கடைப்பிடித்ததில்லை. பத்தியத்தை 48 நாளும் தப்பாமல் இருந்தார். மாலை போட்டால் விரதம், அம்மை போட்டால் பத்தியம் என்று வளர்ந்தவர்களுக்குப் பத்தியம் பழகின கட்டுப்பாடு. அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, வீட்டில் எல்லோரும் அதை மதிப்பார்கள். மருமகள் தனியாகக் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்திருக்கிறாள். டயட்டுக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

முதல் மூன்று வாரம் மாத்திரையும் தொடர்ந்தது. மாத்திரையும் பத்தியமும் நடையும் சேர்ந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? இறங்கியது. பேர் பொடிக்குப் போனது.

அப்புறம் வேன்காரர், “இங்கிலீஷ் மருந்து கூட இருந்தா இது வேலை செய்யாது, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடுங்க” என்றார். மாத்திரை கிட்னியை அரித்துவிடும் என்றும் சொன்னார். இது அவர் கண்டுபிடித்தது இல்லை, ஊரே சொல்வது. டயாலிசிஸுக்குப் போகும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருடக்கணக்கில் சுகர் மாத்திரை போட்டவர்கள், அதனால் மாத்திரைதான் காரணம் என்று தோன்றுகிறது. போதாததற்குச் சிறுநீரகம் பழுதானதும் டாக்டரே மெட்ஃபார்மினைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத சர்க்கரைதான். கெட்ட சிறுநீரகத்தால் அந்த மருந்தைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதால்தான் குறைக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இங்கிலீஷ் மருந்து’ என்று தள்ளப்பட்ட மெட்ஃபார்மினின் வேர், கலேகா என்ற ஐரோப்பிய மூலிகையில் இருக்கிறது. அந்தச் செடியில் இருந்த பொருளை ஒட்டி உருவானதைத்தான் 1957-ல் பிரான்சின் ஜான் ஸ்டெர்ன் சர்க்கரைக்குப் பயன்படும் என்று வெளியிட்டார். இதைச் சொன்னபோது அந்த அம்மா சிரித்துவிட்டு, “இதை முன்னாடியே சொல்லக்கூடாதா” என்றார்.

மண்டலம் முடிந்தது, பத்தியமும் முடிந்தது. இரண்டாவது டப்பா ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரை அலமாரியில் சேர்ந்துகொண்டே இருந்தது. மாதாமாதம் வந்த தன்னார்வலரிடம் வாங்கி வைத்துக்கொண்டார். திட்டுவார்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை.

தாகம் எடுத்தது. வேன்காரர் சொன்னார்: பழைய மருந்தின் சூடு இறங்குகிறது. ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் போனது: கழிவு வெளியேறுகிறது. அசதி: உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகும் குறை சொன்னால், பத்தியம் முறிந்திருக்கும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள்வி வரும். ஏதாவது சாப்பிட்டிருப்பார்தான், யார்தான் சாப்பிடாமல் இருப்பார்கள். பலித்தால் மருந்தின் மகிமை, பலிக்காவிட்டால் சாப்பிட்டவர் குற்றம், மோசமானால் குணமாவதற்கு அடையாளம். ஒரு பக்கமும் வாசல் இல்லாத பேச்சு. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வருவது இங்கேதான். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சர்க்கரை ஏறிவிட்டது என்று உடம்பு கத்துகிற கத்தல். அதைக் காது கேட்காமல் செய்துவிட்டார்.

கெளுத்தி முள்

ஆகஸ்டில் மீன் கூடையைக் காலால் தள்ளும்போது கெளுத்தி முள் கால் விரலில் ஏறியது. கெளுத்தி குத்தினால் என்ன வலி என்று மீன்காரர்களுக்குத் தெரியும். பெரிய ஆண்களே உட்கார்ந்து அழுவார்கள். அந்த அம்மாவுக்கு வலிக்கவில்லை. “முன்னெல்லாம் கெளுத்தி குத்துனா உசுரே போவும். இந்த வாட்டி ஒண்ணுமே தெரியல. பொடி துண்ணு உடம்பு இரும்பாயிடுச்சுன்னு நெனச்சிக்கினேன்.”

பல வருடச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுத்திருந்தது. வலி தெரியாததால் முள்ளின் துண்டு உள்ளேயே தங்கியது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நின்றார். விரல் கறுத்து, வாடை வந்து, பேத்தி மூக்கைப் பிடித்த பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். அப்போதும் இரண்டு நாள் போனது, ஏனென்றால் “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துருவாங்க” என்று ஒரு பேச்சு. முற்றின பிறகே போகிறார்கள், அதனால் எடுக்க வேண்டியதாகிறது, அதைப் பார்த்து அடுத்தவர் இன்னும் தாமதமாகப் போகிறார். கடைசியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 300-க்கு மேல். மூன்று மாதச் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் HbA1c பரிசோதனையில் 12-ஐத் தாண்டியிருந்தது, 6.5 வந்தாலே சர்க்கரை நோய் என்பார்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அத்தனை நாளும் ஏறிக்கிடந்த சர்க்கரை அதில் ஒட்டியிருக்கும். வேன்காரர் சொன்ன சூட்டுக்கும் கழிவுக்கும் அந்த ஒரு எண்ணே பதில். கட்டை விரலுக்கு அடுத்த விரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது.

நாத்தனாரைப் பார்த்தோம்

பொடி ‘கேட்ட’ அந்த நாத்தனாரைத் தன்னார்வலர் ஒருவரோடு போய்ப் பார்த்தேன். அலமாரியில் பொடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே மெட்ஃபார்மின் அட்டை இருந்தது, பாதி காலியாக.

“இதையும் போடுறீங்களாம்மா?”

“ஆமா, நிறுத்தச் சொன்னாரு. எனக்கு பயமா இருந்துச்சு, நிறுத்தல.”

“உங்க அண்ணிகிட்ட அதைச் சொன்னீங்களா?”

“அண்ணி கேக்கலியே. மாத்திரை எல்லாரும் போடுறதுதான், அதைப் போயி இன்னா சொல்றது?”

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் போடும் மாத்திரை யாருக்கும் செய்தியாகத் தோன்றாது. புதிதாகச் சேர்ந்தது பொடி, அதனால் கதையில் பொடி மட்டும் வந்தது. இதற்கு மேல் நாங்கள் விசாரித்த வீடுகளிலும், அதிசயமாகக் குணமானதாகச் சொன்னவர்களிடம் ‘வேற என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்டால் விட்டுப்போன பாதி வெளியே வந்தது.

சட்டம் எதுவரை

மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. அட்டவணையில் 54 நோய்கள், அதில் நீரிழிவும் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சீட்டு, லேபிள், உறை மட்டுமில்லை, வாயால் அறிவிப்பதும் விளம்பரம்தான் என்று சட்டம் சொல்கிறது. வேன்காரரின் மைக் அதற்குள் வரும், புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் காதுகுத்து வீட்டில் நாத்தனார் அண்ணியிடம் சொன்னதை எந்தச் சட்டமும் தொட முடியாது, தொடவும் கூடாது. அங்கே போய்ச் சேர வேண்டியது இன்னொரு பேச்சு.

இப்போது செய்வது

தன்னார்வலர்களோடு உட்கார்ந்து மூன்று விஷயங்களை மாற்றினோம். சர்க்கரை அளவைச் சொல்லும்போது ‘நார்மல்’ என்று தனியாகச் சொல்வதில்லை, ‘மாத்திரையால நார்மல், நிறுத்துனா ஏறும்’ என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சாப்பாட்டு விதிகளைப் பத்தியம் என்றே சொல்கிறோம், வீட்டில் சமைப்பவரையும் கூப்பிட்டுச் சொல்கிறோம். நாட்டு மருந்து சாப்பிடுகிறவரைத் திட்டுவதில்லை. சாப்பிடுங்கள், சித்த டாக்டரிடம் காட்டிச் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்கிறோம். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவது கஷ்டம், ஏனென்றால் திட்டு வாங்கியே பழகியவர்கள் சட்டென்று வாய் திறப்பதில்லை. தன்னார்வலர் அதே தெருவில் வாழ்பவராக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கிறது.

அந்த அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பாதத்தை மூடும் செருப்போடு, பலகை போட்டு உட்கார்ந்து மீன் விற்கிறார். பொடியைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் செருப்பைக் கழற்றிக் காட்டுகிறார், அப்புறம் நாத்தனார் மாத்திரையை நிறுத்தாத கதையைச் சொல்கிறார். நாத்தனாரும் இப்போது பொடிக் கதையில் மாத்திரையைச் சேர்த்தே சொல்கிறார். எங்கள் நோட்டில் வேறு மருந்துக்கென்று கட்டம் கிடையாது. தன்னார்வலர்கள் பேருக்குப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலால் எழுதிக்கொள்கிறார்கள்: பொடியா, லேகியமா, கஷாயமா, எத்தனை நாளாக, யார் சொல்லி, மாத்திரை தொடர்கிறதா.